வறண்டு கிடப்பவரிடம் நெருப்பு இல்லை என்று யார் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமை தியானக் கூட்டத்தில் நடந்ததை அங்கிருந்த பலர் எழுதிவிட்டீர்கள், மறுபடியும் விவரிக்கப்போவதில்லை. மகனைப் பறிகொடுத்து ஓராண்டுகூட ஆகாத ஒரு தாய், "செபிக்க முடியவில்லை, உள்ளம் வறண்டு கிடக்கிறது" என்று எழுந்து நின்று சொன்னபோது, "உம்மிடம் அக்கினி இல்லை, எங்கோ பாவம் மறைந்திருக்கிறது" என்று போதகர் மைக்கில் சொல்லி அவரை உட்கார வைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கிறிஸ்தவத் தியான மரபில் நெருப்பு என்பது உடம்பு சிலிர்ப்பது அல்ல. மனிதரை உருமாற்றும் கடவுளின் செயல். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த கர்மேல் சபைத் துறவியும் கவிஞருமான சிலுவையின் புனித யோவான் 'இருண்ட இரவு' நூலில் ஒரு விறகுக்கட்டையைக் காட்டி இதை விளக்குகிறார். நெருப்பில் வைத்தவுடன் கட்டை ஒளிர்ந்துவிடுவதில்லை. முதலில் அதன் ஈரம் வெளியேறுகிறது. பிறகு கறுத்து, விகாரமாகி, நாற்றமும் அடிக்கிறது. அதற்கப்புறமே தீப்பற்றி, முடிவில் தானே நெருப்பாகிறது. கறுக்க வைத்ததும் ஒளிர வைத்ததும் ஒரே நெருப்புதான் என்கிறார் அவர். அப்படியிருக்க, வறட்சியைக் கண்டதும் நெருப்பே இல்லை என்று தீர்ப்பு எழுத இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு இது புரியும். மழைக்காலத்தில் அம்மா அடுப்பில் வைக்கும் ஈர விறகின் வெட்டுமுனையில் நீர் நுரைத்துச் சீறும். புகையில் கண் எரிய எரிய ஊதாங்குழலால் ஊதுவாரே தவிர, அந்த விறகை வெளியே இழுத்துப் போட்டதில்லை. அதே அம்மா, என் தம்பி இறந்த பிறகு, கோவிலில் செபமாலையைக் கையில் பிடித்தபடி ஒரு மணிகூட உருட்டாமல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். அவரிடமும் ஒருவர் வந்து விசுவாசம் குறைந்துவிட்டது என்றார். அந்த ஒரு சொல் அவரை எப்படி அரித்தது என்பது வீட்டிலிருந்த எங்களுக்குத்தான் தெரியும்.

தூய ஆவி வந்த பெந்தகோஸ்து நாளில் சீடர்கள்மேல் நெருப்பு நாவுகள் இறங்கவில்லையா என்று கேட்பீர்கள். இறங்கின, அந்த மகிழ்ச்சியும் கடவுளின் கொடைதான். ஆனால் கர்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பு இறங்கக் கண்ட இறைவாக்கினர் எலியாவுக்கு, பிறகு ஓரேபு மலையில் ஆண்டவர் நெருப்பில் இருக்கவில்லை என்பதையும் அதே திருவிவிலியம்தான் சொல்கிறது. துறவிகளின் அனுபவம் குடும்பத்தில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது என்றும் சிலர் சொல்கிறார்கள். ஆனால் 'அன்பின் உயிருள்ள சுடர்' என்ற தம் கவிதைக்கு யோவான் விளக்கவுரை எழுதியதே ஆனா தே பெஞ்ஞலோசா என்ற கைம்பெண் கேட்டுக்கொண்டதால்தான். பொதுவெளியில் எழுதாதே என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: அந்தத் தாயை அவமானப்படுத்தியதும் பொதுவெளியில்தான்.

யோவானையும் இப்படித்தான் நடத்தினார்கள். 1577 டிசம்பரில் அவருடைய சபையினரே அவரைப் பிடித்துப்போய், டொலேடோ மடத்தில் வெளிச்சம் எட்டாத சிற்றறையில் அடைத்து, கீழ்ப்படியாதவர் என்று சொல்லிச் சாட்டையால் அடித்தார்கள். 1578 ஆகஸ்டில் தப்பி வெளியேறும்வரை அந்த இருட்டில்தான் கிடந்தார். தம் மிகச் சிறந்த கவிதைகளில் சிலவற்றை அங்கேதான் இயற்றினார். அடித்தவர்கள் ஒருவரும் தாங்கள் தவறு செய்வதாக நினைத்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மைக் பிடித்தவரும் அப்படி நினைக்கவில்லை, கைதட்டியவர்களும் நினைக்கவில்லை. என்னை வதைப்பது அதுதான்.

அடுத்த மாதத் தியானத்துக்கும் அதே போதகர்தான் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. அதற்கு முன்னால் அவர் அந்தத் தாயின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அழைத்தவர்களும் உடன் போக வேண்டும்.