திருடவில்லையாம், புரட்டினாராம்

யாங்கோனில் நான் உறுப்பினராக உள்ள ஒரு சங்கத்தின் (பெயர் வேண்டாம்) ஈமச்சடங்கு நிதியைப் பல ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்த பொருளாளர், அதிலிருந்து ஒரு பெருந்தொகையை எடுத்துத் தம் கடைக்குச் சரக்குப் போட்டு, நான்கு மாதம் கழித்துத் திரும்ப வைத்திருக்கிறார் என்பது சென்ற மாதம் கணக்குப் பார்த்தபோது தெரியவந்தது. கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, "ஏன் தம்பி, அவர் பூட்டையா உடைத்தார்? கொஞ்சம் புரட்டிக்கொண்டார், வைத்துவிட்டார். இதைப் போய்த் திருட்டு என்கிறீர்களே" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

இது திருட்டு இல்லை என்பது சரி. இந்தியாவுக்கென 1860இல் இயற்றப்பட்டு, பர்மாவுக்கும் வந்து, இன்றும் இங்கே நடப்பில் இருக்கும் தண்டனைச் சட்டம் 378ஆம் பிரிவில் திருட்டை வரையறுக்கும்போது, ஒருவருடைய வசத்திலிருந்து, அவருடைய சம்மதமின்றி, அசையும் பொருளை நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்துவது என்கிறது. ஆகவே பொருள் யாருடையது என்பது மட்டுமல்ல, அந்த நேரத்தில் அது யார் வசத்தில் இருந்தது என்பதும் கேள்வி. சட்டம் தரும் எடுத்துக்காட்டுகளே இதை விளக்கிவிடுகின்றன. வீட்டுக்காரரின் மேசைமேல் இருக்கும் மோதிரத்தை எடுத்தால் திருட்டு. நடுத்தெருவில் கிடக்கும் மோதிரத்தை எடுத்தால் அது திருட்டாகாது, கையாடலாக வேண்டுமானால் ஆகலாம். எசமானரின் வெள்ளிப் பாத்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரன் அவற்றோடு ஓடினால் திருட்டு, ஏனெனில் வேலைக்காரன் கையில் இருப்பது எசமானர் வசம் இருப்பதாகவே கொள்ளப்படும். ஊருக்குப் போகிறவர் அதே பாத்திரங்களைக் கிடங்குக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக, அவர் அவற்றைத் தட்டாரிடம் விற்றால், அது திருட்டாகாமல் 405ஆம் பிரிவின் நம்பிக்கை மோசடியாகலாம்.

நம் மொழியில் 'கையாடல்' என்ற சொல்லிலேயே இது இருக்கிறது. கைக்கு வந்த பொருளில்தான் கையாட முடியும்.

இங்கிலாந்து இந்த வேறுபாட்டைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1799இல் பேஸ்லி என்ற வங்கிக் காசாளர், வாடிக்கையாளர் கட்டிய 100 பவுண்டு நோட்டைப் பெட்டியில் போடாமல் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நோட்டு வங்கியின் வசத்துக்கு வந்து சேரவே இல்லை, வராததை எப்படித் திருட முடியும் என்று நீதிபதிகள் அவரை விட்டுவிட்டார்கள். அந்த ஆண்டே நாடாளுமன்றம் கையாடலைத் தனிக் குற்றமாக்கிச் சட்டம் போட்டது.

முகல் தெருவில், இப்போது ஷ்வேபொந்தா தெரு என்று பெயர், ஒரு செட்டியார் வட்டிக்கடையில் சமையலுக்கு இருந்த என் தாத்தா இந்த வழக்கைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனாலும் பெட்டியடிப் பையன் (கடையில் எடுபிடி வேலை பார்ப்பவன்) செய்யும் தப்பு வேறு, முதலாளிக்காகக் கடையை நடத்தும் ஏஜெண்டு செய்யும் தப்பு வேறு என்பார். பையன் இருப்புப் பெட்டியிலிருந்து நாலணா எடுத்தால் அன்று இரவு கணக்கு முடிக்கும்போதே இடிக்கும். ஏஜெண்டோ சாவியும் பேரேடும் தன்னிடமே இருக்க, கடலுக்கு அப்பால் இருக்கும் முதலாளிக்கு ஐந்தொகை, அதாவது கணக்குச் சுருக்கம், எழுதி அனுப்புகிறவர். அவர் எழுதினால்தான் உண்டு.

சட்டமும் தாத்தாவைப் போலவே நினைத்தது. 1860ஆம் ஆண்டின் மூலப் பாடத்தில் சாதாரணத் திருட்டுக்கும் சாதாரண நம்பிக்கை மோசடிக்கும் உச்ச தண்டனை ஒன்றுதான், 3 ஆண்டு. குமாஸ்தாவோ வேலைக்காரரோ மோசடி செய்தால் 7 ஆண்டு. அரசு ஊழியர், வங்கியர், வணிகர், ஏஜெண்டு போன்றோர் செய்தால் 409ஆம் பிரிவு ஆயுளுக்கும் நாடுகடத்துவதுவரை போகிறது. அதிகம் நம்பப்பட்டவருக்கு அதிகத் தண்டனை. சங்கப் பொருளாளர் இவற்றில் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை வழக்கறிஞர்கள் வாதாடிக்கொள்ளட்டும். பூட்டை உடைக்கவில்லை என்பது அவருக்குச் சலுகையாகாது என்பதே என் கட்சி. பூட்டை உடைக்க வேண்டிய தேவையில்லாதபடி நாம்தானே சாவியைக் கொடுத்தோம்?

"திருப்பி வைத்துவிட்டார்" என்பதற்கும் 403ஆம் பிரிவின் விளக்கத்தில் பதில் இருக்கிறது. சிறிது காலத்துக்கு மட்டும் என்று எடுத்தாலும் கையாடல் கையாடலே. பிறருக்குரிய கடன் பத்திரம் ஒன்றைக் கண்டெடுத்தவர், பின்னால் மீட்டுக் கொடுத்துவிடும் எண்ணத்தோடுதான் அதை அடகு வைக்கிறார். அவரும் குற்றவாளி என்கிறது சட்டம். பணம் திரும்பி வந்தது தண்டனையைக் குறைக்க உதவலாம், நடந்ததை நடக்காததாக்காது. அந்த நான்கு மாதத்துக்குள் நம்மில் இரண்டு வீட்டில் சாவு விழுந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் அப்போது கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

அவரைக் காவல் நிலையத்துக்கு இழுக்க வேண்டும் என்பது என் ஆசையன்று. குறிப்பேட்டில் "நிதி தாமதமாக வந்து சேர்ந்தது" என்று எழுதிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார்கள். "பொருளாளர் நிதியைத் தம் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தித் திருப்பிச் செலுத்தினார்" என்று மாற்றி எழுதினால் போடுகிறேன் என்றேன். குறிப்பேடு இன்னும் செயலாளர் வீட்டில்தான் இருக்கிறது, என் பெயருக்கு நேரே இடம் காலியாக.