ரஷ்ய மொழிக்கு அம்மா யார் என்று மேடையில் தீர்ப்பு சொன்னவருக்கு

அந்த விழா வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ரஷ்ய மொழியில் 'வியேதத்' என்றால் அறிதல், அது நம்ம 'வேத'த்திலிருந்து போனதுதான் என்று ஒரே போடு. அரங்கமே கைதட்டியது. "போகவில்லை ஐயா, இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்தவை" என்று கீழே ஒரு வரிதான் எழுதினேன். கிடைத்த பட்டங்களை இங்கே எழுத முடியாது.

மறுபடியும் சொல்கிறேன், போகவில்லை. ரஷ்யன், செக் போன்ற ஸ்லாவ் மொழிகளின் மூதாதையான தொல் ஸ்லாவியத்தில் *வேதேதி என்றொரு வினை இருந்தது. எழுதிவைத்த சான்று இல்லை, கிளைமொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம். நட்சத்திரக் குறி அதற்குத்தான். அதன் வேர் அதைவிடப் பழைய தொல் இந்தோ-ஐரோப்பிய வினை (ஸ்லாவ், கிரேக்கம், சமஸ்கிருதம் எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதை மொழி அது), பொருள் 'பார்'. பார்த்தாயிற்று, அதனால் தெரியும்! அந்தப் 'பார்த்தாயிற்று' வடிவம்தான் கிரேக்கத்தில் 'ஓய்த', சமஸ்கிருதத்தில் 'வேத', ஸ்லாவ் மொழிகளில் முதலில் எழுத்துக்கு வந்த பழைய சர்ச் ஸ்லாவியத்தில் 'வேதே'. மூலத்தில் இருந்தது 'ஒய்' ஒலி. கிரேக்கம் அதைக் காப்பாற்றியது. சமஸ்கிருதமும் ஸ்லாவும் தனித்தனியே அதை 'ஏ' பக்கம் கொண்டுபோயின. அந்த 'ஏ'வுக்குத்தான் இத்தனை கைதட்டல்.

ப்ராக் வந்த புதிதில் எனக்கு வாயில் வந்த ஒரே செக் வார்த்தை 'நெவீம்', அதாவது 'தெரியாது'. கடையில் பில் போடும் அம்மா பை வேண்டுமா என்றாலும் நெவீம், கார்டா காசா என்றாலும் நெவீம். அந்த 'வீம்' இதே வினைதான். எந்த வேதமும் படிக்காமல் அந்த அம்மாவுக்கு வந்து சேர்ந்த வினை.

'சமஸ்கிருத வெறுப்பு' என்பார்கள். 1816-ல் ஜெர்மன் மொழியியலாளர் ஃப்ரான்ஸ் பாப் இந்த மொழி ஒப்பியலுக்கு அடித்தளம் போட்டதே சமஸ்கிருத வினைகளை வைத்துத்தான். 'வெள்ளைக்காரன் சதி'யா? சரி, இதே ஒப்பீட்டு முறையில்தானே 1856-ல் கால்டுவெல் தமிழும் அதன் உறவு மொழிகளும் தனிக் குடும்பம் என்று நிறுவினார்? அவருக்கு மட்டும் மாலை போடுவீர்கள், அப்படித்தானே?

'காதுக்கே ஒன்றாகக் கேட்கிறதே' என்கிறார் ஒருவர். ரஷ்யர்களில் சிலரும் கரடியைக் குறிக்கும் 'மெத்வேத்' என்ற சொல்லை 'தேனை அறிந்தவன்' என்று பிரிப்பார்கள். உண்மையில் அது 'தேன் தின்னி'. காதை நம்பினால் கரடியும் வேதம் ஓதும்.

இதையெல்லாம் சொல்ல வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு உரிமை இல்லையாம். எழுதியவர் என்னோடு கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர். போன மாதம்கூட மகனுக்கு இங்கே சீட் கிடைக்குமா என்று விசாரித்தார். என் வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுக்களில் சுற்றவிட்டவரும் அவர்தான். நண்பா, இதையும் எடுத்துக்கொள். இந்த முறை முழுசாகப் போடு, பாதியில் வெட்டாதே.