அவர்கள் பெயர் ஹல்தம்தி

"ஈலாம்தான் ஈழம்" என்றொரு பதிவு மறுபடியும் கண்ணில் பட்டது. பகிர்ந்தவர்களின் தமிழ்ப்பற்றை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஈலாம் என்பது இன்றைய ஈரானின் தென்மேற்கில் இருந்த ஒரு பண்டைய நாட்டுக்கு அயலார் வைத்த பெயர். தங்கள் மண்ணை அந்நாட்டு மக்கள் ஹல்தம்தி என்றே எழுதினார்கள். ஈலாம மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவு உண்டு என்று மொழியியலாளர் டேவிட் மெக்ஆல்பின் 1970களில் வாதிட்டது உண்மை. மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அது தனி விவாதம், அதற்குப் பெயரின் ஓசை சாட்சியாகாது.

பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த மக்களை அப்படியே விட்டுவிடுகிறோமே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

அவர்களுக்கு சூசா, அன்ஷான் என்று இரண்டு பெருநகரங்கள். கி.மு. 2004 வாக்கில், இன்றைய ஈராக்கில் இருந்த 'ஊர்' என்ற பெயருடைய நகரத்தை வீழ்த்தி, அதன் அரசன் இப்பி-சின்னைச் சிறைபிடித்துப் போனவர்கள் இவர்கள். கி.மு. 13ஆம் நூற்றாண்டில் ஈலாம அரசன் உன்தாஷ்-நபிரிஷா எழுப்பிய சோகா சன்பில் கோயில் கோபுரம் சிதைந்த நிலையிலும் இன்றும் நிற்கிறது. அவன் அரசி நபிர்-அசுவின் வெண்கலச் சிலை 1,750 கிலோ. சிலையை உடைப்பவனுக்கும் எழுத்தை அழிப்பவனுக்கும் அதிலேயே சாபம் பொறித்திருக்கிறார்கள். தலையில்லாமல்தான் கிடைத்தது.

பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டக் கல் எங்கே கிடைத்தது தெரியுமா? பாபிலோனில் அல்ல, சூசாவில். கி.மு. 12ஆம் நூற்றாண்டில் ஈலாம அரசன் ஷுத்ருக்-நாஹுந்தே போரில் அள்ளிவந்த பொருள் அது. 1901இல் பிரெஞ்சுக்காரர்கள் தோண்டியெடுத்தார்கள், இப்போது பாரிஸின் லூவ்ரில் இருக்கிறது.

ஈலாமின் வீழ்ச்சிக்கு, இன்றைய வட ஈராக்கில் இருந்த பேரரசான அசீரியாவின் படைபலம் மட்டும் காரணமல்ல என்பது என் கருத்து. ஈலாம அரண்மனைக்குள்ளேயே பங்காளிச் சண்டை. தோற்றவன் அசீரியாவிடம் அடைக்கலம் போவான், அசீரியா அவனையே அரசனாக்கி அனுப்பும். கி.மு. 653இல் அசீரியாவுடனான போரில் ஈலாம அரசன் தெயும்மானின் தலை வெட்டப்பட்டது. அந்தத் தலை மரத்தில் தொங்க, அசீரிய அரசன் அசுர்பனிபால் தன் அரசியோடு விருந்துண்ணும் சிற்பம் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன்பின் சூசாவில் அரியணை கைமாறிக்கொண்டே இருந்தது. கி.மு. 647 வாக்கில் அசுர்பனிபால் சூசாவையே சூறையாடினான். மண்ணில் உப்பைத் தூவினேன், அரசர்களின் கல்லறைகளைத் திறந்து எலும்புகளை எடுத்துப்போனேன், அவர்களின் ஆவிகளுக்குப் படையலும் தண்ணீரும் இல்லாமல் செய்தேன் என்று பெருமையாக எழுதிவைத்தான். செத்தவர்களைக்கூடப் பட்டினி போட நினைத்த அந்த வன்மத்தை என்னால் சாதாரணமாகப் படித்துவிட்டுக் கடக்க முடியவில்லை.

ஆனால் அசீரியாவின் தலைநகர் நினிவேயும் கி.மு. 612இல் விழுந்தது. ஈலாம மொழியோ அப்போதும் சாகவில்லை. பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸ் தன் முன்னோரை அன்ஷானின் அரசர்கள் என்றே சொல்லிக்கொண்டான். பின்வந்த பாரசீக அரசன் டேரியஸின் பெஹிஸ்தூன் பாறைக் கல்வெட்டில் மூன்று மொழிகள், அவற்றில் ஒன்று ஈலாமம். பாரசீகத் தலைநகரான பெர்செபோலிஸில் 1933இல் கிடைத்த களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கானவை. பேரரசின் அன்றாடக் கணக்கு அவற்றில் பெரும்பாலும் இந்த மொழியில்தான் இருக்கிறது. எவருக்கு எவ்வளவு பார்லி, பயணம் போகிறவனுக்கு எவ்வளவு மாவு, பிள்ளை பெற்ற வேலைக்காரப் பெண்ணுக்கு எவ்வளவு கூடுதல் படி. ஆண் பிள்ளை என்றால் முழு அளவு, பெண் பிள்ளை என்றால் அதில் பாதி.