ரத்தத்தை முதலில் தனியாகப் பிடியுங்கள்
கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்குக் காற்று ஊதிக் கொடுக்கும் காற்றூட்டும் தொட்டியைப் பெரிதாகக் கட்டினாலே கோழி அறுக்கும் ஆலையின் கழிவுநீர்ப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறது இங்கே வந்த கட்டுரை. பல்லடம் பக்கம் ஓர் ஆலையின் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆறு வருடம் ஷிப்ட் பார்த்தவன் நான், இதை ஏற்க முடியவில்லை. எங்கள் தொட்டி பெரியதுதான். ஆனாலும் அறுக்கும் இடத்தில் ரத்தத்தைத் தனியாகப் பிடிக்காமல் வாய்க்காலில் விட்ட நாட்களில் தண்ணீர் சிவந்து வரும், விடிவதற்குள் தொட்டி நாறிவிடும். கழிவு மட்க எவ்வளவு ஆக்சிஜன் கேட்கும் என்பதைச் சொல்லும் பி.ஓ.டி. அளவு வீட்டுச் சாக்கடையில் லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும்; ரத்தத்தில் அது ஒரு லட்சத்தைத் தாண்டும். காற்று ஊதும் புளோயர் எத்தனை ஓட்டினாலும் தாங்காது. அடுத்தது கொழுப்பு. இறகு உரிக்க 50 முதல் 60 டிகிரி வெந்நீரில் முக்கும்போது உருகி வருவது, குழாயில் ஆறியதும் மெழுகு மாதிரி அப்பிக்கொள்ளும். கம்பி விட்டுச் சுரண்டி எடுத்திருக்கிறேன். நுண்குமிழி விட்டுக் கொழுப்பை மிதக்கவைத்து வழித்தெடுக்கும் டி.ஏ.எஃப். கருவி காற்றூட்டலுக்கு முன்னால் இருந்தே ஆக வேண்டும். கட்டுரைக்குக் கீழே கருத்து எழுதிய ஒரு நண்பர் குளோரினைக் கூட்டிப் போடச் சொல்கிறார். தயவுசெய்து வேண்டாம். ஒருமுறை, ராத்திரி ஆலையைக் கழுவிய குளோரின் தண்ணீர் சமன்செய்யும் தொட்டியில் தங்கி நீர்த்துப்போகாமல் நேராகக் காற்றூட்டும் தொட்டிக்குள் வந்துவிட்டது. கழிவைத் தின்னும் பாக்டீரியா மொத்தமும் செத்து, சாணம் கரைத்து ஊற்றி மறுபடி வளர்க்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் தன் கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு தினமும் கேட்டில் வந்து நின்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதிலே இல்லை.