மாத்திரையை நிறுத்தினால் மட்டும் போதாது

"வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சாப்பிடுபவருக்கு மலம் கறுப்பாகப் போனால் மாத்திரையை நிறுத்தினால் போதும், எண்டோஸ்கோபியில் ஒன்றும் தெரியவில்லையென்றால் கவலை வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருப்பது ஆபத்தான தவறு. வார்ஃபரின் குடலில் புண்ணை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே அங்கிருக்கும் புண்ணோ, பலவீனமான ரத்தக்குழாயோ, சில சமயம் புற்றுநோய்க் கட்டியோதான் இந்த மருந்தால் கசிந்து வெளியே தெரிகிறது.

இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பது உண்மையே. ஆனால் தார் போலப் பளபளத்து, பிசுபிசுவென்று ஒட்டி, தண்ணீர் ஊற்றியும் எளிதில் போகாமல் கடுமையாக நாறினால், அதை ரத்தம் என்றே கருதி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வாய் வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்தும் எண்டோஸ்கோபி இரைப்பை வரையும் அதையடுத்த சிறு பகுதியையும், ஆசனவாய் வழியாகச் செலுத்தும் கொலோனோஸ்கோபி பெருங்குடலையும் காட்டும். இடையில் பல மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் சிறுகுடலைப் பார்க்க, கேமரா பொருத்திய மாத்திரையை விழுங்கச் செய்யும் கேப்ஸ்யூல் எண்டோஸ்கோபி தேவைப்படலாம். முதியவர்களுக்கு இதயத்தையும் பார்ப்பது நல்லது: இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் செல்லும் வழியிலுள்ள பெருந்தமனி வால்வு சுருங்கியவர்களுக்குக் குடலில் ரத்தம் கசிவதை எட்வர்ட் ஹைட் என்ற மருத்துவர் 1958-இலேயே எழுதியிருக்கிறார்.

இதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர் தாமாக மாத்திரையை நிறுத்தினால், வால்வில் ரத்தம் கட்டி பக்கவாதம் வரக்கூடும். அத்துடன், நிறுத்திய பிறகும் வார்ஃபரினின் வீரியம் சில நாள்கள் நீடிக்கும் என்பதால், பெருமளவு ரத்தம் போகும்போது அந்த வீரியத்தை முறிக்கும் வைட்டமின் கே போன்ற மருந்துகளை மருத்துவமனையில்தான் கொடுக்க முடியும். மறுபடி எப்போது தொடங்குவது என்பதை இதய மருத்துவரும் குடல் மருத்துவரும் கலந்தே முடிவுசெய்ய வேண்டும்.