ஆயிரம் பேரைத்தான் கொன்றான்

ஞாயிற்றுக்கிழமை விழாவைப் பற்றி எழுதக் கூடாது என்று மூன்று நாட்களாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காணொளித் துண்டு ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் என் நாத்தனார் வழியாக எனக்கே வந்து சேர்ந்தது. கூடவே ஓர் அறிவுரை: "அண்ணி, மேடை ஏறும் முன் ஒரு தடவை சரிபார்த்திருக்கலாம்." அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓய்வு பெறும் டாக்டரை வாழ்த்தி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். 22 ஆண்டு நர்ஸ் வேலையில் பாதியை அவருடைய வார்டில் கழித்தவள் என்ற உரிமையில், "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். எங்கள் டாக்டர் முழு வைத்தியர். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன். முதலில் சிரித்தவர் டாக்டர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்து எழுந்த சிறப்பு விருந்தினர் சிரிக்கவில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சகோதரி அறியாமல் சொல்லிவிட்டார். அது பேர் இல்லை, வேர். ஆயிரம் வேரைக் கொன்று மருந்து செய்தவன்தான் அரை வைத்தியன்" என்றார். கைதட்டல் என்றால் கைதட்டல், எனக்குக் கிடைத்ததைப் போல இரண்டு மடங்கு.

ஐயா, அது பேர்தான்.

வேரை யாராவது கொல்வார்களா? வேரை அகழ்வார்கள், பிடுங்குவார்கள், நிழலில் உலர்த்துவார்கள், உரலில் இடிப்பார்கள், கஷாயம் வைப்பார்கள். பாதரசத்தைக் கட்டுவது, உலோகத்தைக் கொல்வது என்றெல்லாம் சித்த வைத்தியத்தில் பேச்சு உண்டு. அது எனக்கும் தெரியும். கீழாநெல்லி வேரைக் கொன்றேன் என்று சொல்லி நான் ஒருவரையும் கேட்டதில்லை. பெர்சிவல் பாதிரியார் 1874-இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் இருக்கின்றன. அதில் ஆயிரம் பேரைக் கொன்றவன் ஆயிரம் பேரைக் கொன்றவனாகவே இருக்கிறான். "வெள்ளைக்காரன் திரித்தது" என்று ஒருவர் கருத்து போட்டிருக்கிறார். ஆமாம், பாதிரியார் ஊர் ஊராகப் போய், எல்லோர் வாயிலும் இருந்த வேரை இரவோடிரவாகப் பிடுங்கிப் பேரை நட்டுவிட்டுப் போனார் போலிருக்கிறது.

அது நோயாளி சொன்ன பழமொழி. பிணத்தைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிய யாரோ ஒருவன் வயிற்றெரிச்சலில் சொன்னது. அதில் சிரிப்பும் இருக்கிறது, விஷமும் இருக்கிறது. அந்த விஷத்தை எடுத்துவிட்டு அதை மூலிகைக் கடை விளம்பரமாக்குவதில் யாருக்கு என்ன லாபம் என்றுதான் கேட்கிறேன். டாக்டரே சிரித்துவிட்டார். நடுவில் இவருக்கு ஏன் வலிக்கிறது?

இது ஒரு பழமொழியோடு நிற்கிற நோயும் இல்லை. "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்பது இப்போது சஷ்டி விரதமாம், அகப்பை என்றால் கருப்பையாம். என் அப்பத்தா தேங்காய்ச் சிரட்டையில் மூங்கில் காம்பைச் செருகி வைத்திருந்தாள், அதற்கு எங்கள் வீட்டில் அகப்பை என்று பெயர். குழம்புச் சட்டி காலியாக இருந்த நாளில் அந்த அகப்பையால் அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் வந்து சஷ்டி என்கிறார்கள். "மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்பது குதிரையே இல்லையாம், மண்குதிராம், ஆற்று நடுவில் இருக்கும் மணல் திட்டாம். எங்கள் பக்கத்தில் குதிர் என்றால் நெல் கொட்டி வைப்பது. "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்று சொன்ன பிள்ளை என்ன ஆற்று மணல் திட்டுக்குள்ளா அப்பனை ஒளித்து வைத்திருந்தான்? புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் புரவியெடுப்புக்கு ஒருமுறை வந்து பாருங்கள். வேளார் செய்த மண்குதிரைகள் அய்யனார் கோயிலில் வரிசையாக நிற்கும். அவற்றில் ஏறி உட்கார்ந்து காதை உடைத்து அடி வாங்கிய எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பழமொழிக்கு விளக்கவுரை தேவைப்படாது.

தொல்காப்பியம் முதுமொழிக்கு இலக்கணம் சொல்லும்போது சுருக்கம் வேண்டும், ஒளியுடைமை வேண்டும் என்கிறது. இவர்களுடைய 'உண்மைப் பொருள்' ஒவ்வொன்றும் வாட்ஸ்அப்பில் மூன்று விரல் தள்ளினால்தான் முடிகிறது.

"நீங்கள் மட்டும் பழமொழியைத் திரிக்கவில்லையா? 'பந்திக்கு முந்து, பாத்திரம் கழுவப் பிந்து' என்று போன பொங்கலுக்கு எழுதியவர் நீங்கள்தானே?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நான்தான். இனியும் எழுதுவேன். எங்கள் வீட்டில் பழமொழியை நேராகச் சொன்னவர்கள் குறைவு. "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும், குக்கரில் இருந்தால் விசில் வரும்" என்பது அம்மாவுடையது. "மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் தவணை பாக்கியுள்ள மிக்ஸி" என்பது என் மூத்த அக்காவுடையது. மாமியாரை வைத்துக்கொண்டே சொல்வாள், அந்த அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். தம்பி, கேலிக்காகத் திருப்பிச் சொல்கிறவனுக்குப் பழைய பழமொழி வேண்டும். அது கேட்பவன் காதில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தால்தான் சிரிப்பு வரும். உண்மைப் பொருள்காரர்களுக்கு அது செத்தாக வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

"மொழி மாறிக்கொண்டேதான் இருக்கும், புது விளக்கமும் மக்கள் படைப்புதானே" என்று பேராசிரியராக இருக்கும் தோழி ஒருத்தி தனியாக எழுதினாள். இருக்கலாம். புதிது என்று சொல்லிக் கொடுக்கட்டும். முன்னோர்கள் சொன்னது என்று பொய் முத்திரை குத்த வேண்டாம். பழமொழிகள் வாய்மாறிச் சிதைவதே இல்லை என்றும் நான் சொல்லவில்லை, சிதைந்தவை இருக்கின்றன. அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

"ஊசி போடுகிறவருக்கு இலக்கண ஆராய்ச்சி எதற்கு?" என்ற கருத்துக்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். 74 பேர் அதற்குச் சிரிப்பு முகம் போட்டிருக்கிறார்கள், அதில் எனக்குத் தெரிந்தவர்கள் நான்கு பேர். ஒருவருடைய தாயாருக்குப் படுக்கைப் புண் வந்தபோது இரவு பதினொரு மணிக்கு எனக்குத்தான் போன் வந்தது. அன்றைக்கு அவர் என் தமிழைச் சோதிக்கவில்லை. போகட்டும். தமிழ் படித்தவர்களிடம் மட்டும் பழமொழி இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் பொது வார்டில் வந்து உட்காருங்கள். வலி வந்தால் மனிதர்கள் இரண்டைத்தான் பேசுவார்கள்: அம்மா என்பார்கள், இல்லையென்றால் ஒரு பழமொழி சொல்வார்கள். எலும்பு முறிவு வார்டில் ஒரு பெரியவர், மாவுக்கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே, "யானைக்கும் அடி சறுக்கும் என்றார்கள், சறுக்கிய யானையை யார் தூக்குவது என்று எவனும் சொல்லவில்லையே, தாயி" என்றார். அதற்கு எந்தச் சிறப்பு விருந்தினர் என்ன உண்மைப் பொருள் வைத்திருக்கிறார்?

சரி, இதுவரை எழுதியதெல்லாம் முன்னுரை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேர், சட்டி, குதிர் எல்லாவற்றையும் நான் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அந்தக் காணொளியில் வெட்டிவிட்ட பகுதி ஒன்று இருக்கிறது. கைதட்டல் கொடுத்த தெம்பில் அவர் இன்னொன்றையும் திருத்தினார். "ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி என்பது பெண்களைச் சொன்னதே இல்லை. ஆடம்பரமான தாய், பொறுப்பில்லாத தந்தை, ஒழுக்கமில்லாத மனைவி, துரோகம் செய்யும் உடன்பிறப்பு, சொல் கேளாத பிள்ளை, இந்த ஐந்தையும் பெற்றவன் ஆண்டியாவான் என்பதே பொருள். நம் முன்னோர்கள் பெண்ணை ஒருபோதும் பாரமாக நினைத்ததில்லை" என்றார்.

நான் ஐந்தில் மூன்றாவது பெண்.

கடைசித் தங்கை பிறந்தபோது எனக்கு ஐந்து வயது. ஆஸ்பத்திரியில் கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பத்தா தூக்குச்சட்டியில் பத்தியக் குழம்பு கொண்டுவந்தாள். குழந்தையைத் துணி விலக்கிப் பார்க்கவில்லை. தூக்குச்சட்டியை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, "ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி" என்றாள். அம்மா படுத்தபடியே, "அரசன்தானே அத்தை ஆண்டியாவான்? உங்கள் மகன் கண்டக்டர். அவர் பையில் சில்லறைக்குப் பஞ்சமில்லை" என்றாள். பக்கத்துக் கட்டில் பெண் தையல் வலியோடு சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பத்தா போன பிறகு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதும் கண்ணில் இருக்கிறது.

எங்கள் ஐந்து பேர் கல்யாணத்திலும் அந்தப் பழமொழியை யாராவது ஒருவர் சாப்பாட்டுப் பந்தியில் சொன்னார்கள். கடன் பத்திரத்தில் அப்பா கையெழுத்துப் போடும்போது எதிரில் இருந்தவர் சொன்னார். அவர்கள் ஒருவரும் ஆடம்பரமான தாயையோ பொறுப்பில்லாத தந்தையையோ நினைத்துச் சொல்லவில்லை.

பெண்ணைப் பாரமாக நினைத்ததே இல்லையென்றால் 1992-இல் தமிழக அரசு சேலத்தில் எதற்காகத் தொட்டில் வைத்தது? கொல்லாதீர்கள், இதில் போட்டுவிட்டுப் போங்கள் என்று எந்த முன்னோர்களைக் கெஞ்சியது? நான் வேலை செய்கிற இடத்தில் ஸ்கேன் அறைக் கதவில், பாலினத்தைச் சொல்வது குற்றம் என்று பலகை மாட்டியிருக்கிறோம். அந்தப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டு, "சும்மா தலையை ஆட்டினால் போதும், சிஸ்டர்" என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

"நல்லெண்ணத்தில்தானே சொன்னார், இதற்கா இவ்வளவு கோபம்" என்பீர்கள். நல்லெண்ணம்தான். அப்பத்தாவும் பத்தியக் குழம்பு கொண்டுவந்தாள். காரம் இல்லாமல், பூண்டு போட்டு, மூன்று மைல் நடந்து கொண்டுவந்தாள். அவள் சொன்னது தவறு என்று சொல்லுங்கள், நான் முதல் ஆளாகக் கைதட்டுகிறேன். அவள் சொல்லவே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் என் அம்மா பதில் சொன்னது யாருக்கு?

நேற்று இரவு அம்மாவிடம் போனில் அந்தப் புது விளக்கத்தை முழுதாகச் சொன்னேன். தாய், தந்தை, மனைவி, உடன்பிறப்பு, பிள்ளை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"எல்லாம் சரி, இதை அந்த ஆள் உங்கள் அப்பத்தா இருக்கும்போதே வந்து சொல்லியிருக்கலாம்" என்றாள். பிறகு, அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.