பிளாட்பாரத்திலிருந்து எத்தனை முறை இறங்கினீர்கள்?

நடக்க ஏற்ற நகரம் எது என்று மார்க் போடுகிறார்கள். அதில் பிரபலமானது, அமெரிக்காவின் சியாட்டிலில் 2007-ல் தொடங்கிய வாக் ஸ்கோர். மளிகைக் கடை, பள்ளி, பூங்கா எல்லாம் ஐந்து நிமிட நடைக்குள் இருந்தால் முழு மதிப்பெண். தூரம் கூடக் கூட மார்க் குறையும், அரை மணி நடையைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது.

பால் வாங்கக்கூட காரை எடுக்க வேண்டிய ஊர்களுக்கு இது நல்ல கணக்கு. இதையே மயிலாப்பூருக்கோ திருவல்லிக்கேணிக்கோ போட்டால் மார்க் எகிறிவிடும். காய்கறி, மருந்துக்கடை, கோயில், டீக்கடை எல்லாமே கூப்பிடு தூரம்தானே! அங்கே முழுசாய்ப் போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு.

சரி, நடைபாதையையே அளக்கலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதல்படி தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. டேப் பிடித்து அளந்தால் பல தெருக்கள் பாஸாகிவிடும். ஆனால் பத்தடி நடந்தால் ஈ.பி. பெட்டி, அப்புறம் யாரோ நிறுத்திய பைக், அதைத் தாண்டினால் மூடி உடைந்த வடிகால், அடுத்து ஒரு வீட்டுக்காரர் தன் கார் ஏற வசதியாகக் கட்டிய சரிவு. இறங்கு, ஏறு, இறங்கு. முட்டி வலி உள்ளவர்கள் இந்த வித்தையெல்லாம் காட்ட முடியாமல் பேசாமல் ரோட்டிலேயே நடக்கிறார்கள். உடனே, "பிளாட்பாரம் போட்டுக் கொடுத்தாலும் ஜனங்க ரோட்டுலதான் நடக்குறாங்க" என்று ஒரு பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் என் அளவுகோல் ஒன்றுதான்: ஒரு கிலோமீட்டர் நடந்தால், எத்தனை முறை ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது? தெருவைக் கடக்க இறங்குவதை விட்டுவிடலாம். மற்றதெல்லாம் கணக்கில் வரும். இதற்குக் கன்சல்டன்ட் வேண்டாம், செயலி வேண்டாம். அறுபது வயதைத் தாண்டிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் போதும். இளவட்டங்கள் தாவிப் போய்விடுவார்கள், கணக்கு தப்பாகிவிடும்.

சென்னை மாநகராட்சி 2014-லேயே நடை, சைக்கிள் போன்ற மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகமும் வந்தது. அங்கே நடக்க எனக்குப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது ஷாப்பிங் போகிற தெரு. ரேஷன் கடைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் போகிற தெருக்களின் கணக்கு யாரிடம் இருக்கிறது? அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் எத்தனை மீட்டர் நடைபாதை போட்டோம் என்று வாசிப்பார்கள். அதில் எத்தனை இடத்தில் இறங்க வேண்டும் என்பதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போகிறேன்.